ஒன்பதாம் இடத்து மன்னார்

கனடாவின் மொன்றியலில் எனக்கு எதிரிகள் இருக்கிறார்கள் என்பது விமானம் இறங்கும்வரை எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களைக் கல்லூரி என்போம். அந்தக் கல்லூரிகளின் உதைபந்தாட்ட அணிகளை, எல்லாக் காலத்துக்குமாகச் சேர்த்து வரிசைப்படுத்தி, இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறேன். தெற்கே மன்னார்க் கரைப் பள்ளிகளை மட்டும் 'மன்னார்' என்று ஒரே அணியாகச் சேர்த்திருக்கிறேன். என் பெயர் அதில் இருக்காது. பகலில் ஒரு கணினி நிறுவனத்தில் தரவுகளோடு மல்லுக்கட்டுவது வேலை, மாலையில் இது. எந்தக் கிண்ணத்துக்கு என்ன பெறுமதி, போரால் நடக்காமல் போன போட்டிகளை எப்படிக் கணக்கெடுப்பது, எல்லாவற்றுக்கும் விதிகள் வைத்திருக்கிறேன். அந்தக் கல்லூரிகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாரும் இதைப் பயணக் கட்டுரையாக வாசிக்க மாட்டார்கள். தங்கள் கல்லூரியின் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்று மட்டும் பார்ப்பார்கள்.

அலுவலகம் என்னை ஒரு வாரப் பயிற்சிக்கு புவாண்ட்-கிளேருக்கு அனுப்பியது. தங்கியது ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், அப்பாவின் தங்கையான மாமியின் வீட்டில். நகரத்தின் ஒரு நுனியில் படுக்கை, மறு நுனியில் வேலை. வரைபடத்தில் அது விரல் நீளம்தான் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து காரை ஓட்டியவர் மாமியின் கணவர், குலம் மாமா. யாழ்ப்பாணப் பட்டணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்; இன்றும் அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் போலத்தான் கதைப்பார்.

"உந்தத் தரவரிசைப் பக்கம் ஒண்டு இருக்கே, பாக்கிறனியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"அது நான்தான் மாமா."

கார் ஒரு பக்கம் இழுத்து மறுபடி நேரானது. பின்னால் வந்தவர் நீளமாக ஹோன் அடித்தார்.

"நீயே? எங்கட கொலிஜை முதலாவதாப் போட்டது நீயே? இஞ்சாருமப்பா, கேட்டனீரே! எங்கட மருமகள்!"

"ஓம் ஓம், கேட்டனான். நீங்கள் முதல் ரோட்டைப் பாருங்கோ" என்றார் மாமி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாற்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி. எட்டுக் கல்லூரிகள். மாமாதான் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். யார் அந்த எட்டு என்று முடிவு செய்ய அவர்கள் எடுத்து வைத்திருந்தது என்னுடைய வரிசையை. முதலிடத்துக் கல்லூரிக்கு மட்டும் இரண்டு அணிகள் இறக்கலாம் என்று மேலதிகமாக ஒரு சலுகை; ஆக மொத்தம் ஒன்பது அணிகள். எனக்குத் தலை கூரையில் இடித்தது. கோண்டாவிலில் என் வீட்டு மேசையிலிருந்து நான் போட்ட வரிசையைப் பார்த்து, கடல் கடந்த நகரமொன்றில் ஆட்கள் சப்பாத்துக் கட்டுகிறார்கள்!

"அப்ப மன்னார் ஆக்களை வெளியில விட்டதும் இந்த அக்காதானே?" என்றாள், பக்கத்தில் இருந்த ஆரணி. மாமாவின் மகள், இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிப்பவள்.

"அதைப் பேந்து கதைப்பம்" என்றார் மாமா. "வியாழக்கிழமை கூட்டம் இருக்கு. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் வாய் திறக்காத. பெடியளுக்குத் திடீரெண்டு காட்டுவம்." மாமா பெடியள் என்றது ஐம்பதை எட்டிப்பிடிக்கிறவர்களை.

திங்கட்கிழமை மஞ்சள் கோட்டு மெற்றோ என்னை ஆற்றுக்கு அடியால் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தில் தண்ணீருக்கு மேலே போகவே பயப்படுவேன். இங்கே தண்ணீர் என் தலைக்கு மேலே போகிறது, ஒருவரும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு இன்னொரு கோடு, பிறகு ஒரு பஸ். பயிற்சிக்கூடத்தில் மாமி கட்டித்தந்த புட்டையும் மீன் பொரியலையும் திறந்தேன். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். பூட்டின். பொரித்த உருளைக்கிழங்கின்மேல் சூடான குழம்பை ஊற்றி, நடுவே சீஸ் கட்டிகளைப் போட்டிருக்கிறார்கள். கடித்தால் சீஸ் பல்லில் கீச்சிடுகிறது. பொரியலை மொறுமொறுவென்று பொரித்துவிட்டு ஏன் நனைக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். எங்களூர்க் கொத்துரொட்டிக்குக் குழம்பு விடுவது ஞாபகம் வந்தது. பேசாமல் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸைப் பிழையாகப் பிடித்தேன்.

வீடுகள் பெரிதாகிக்கொண்டே போயின. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு பாலம் வந்தது. சாரதி என்னைக் கண்ணாடியில் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னதை, அவர் கைகளை வைத்து, 'இதற்குமேல் போக இடமில்லை அம்மா' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். இல்-பிசார் தீவு. அழகான மரங்கள், சுத்தமான புல்வெளிகள், அடுத்த பஸ் எப்போது என்று கேட்க ஒரு மனிதர் இல்லை. மாமாவுக்கு அழைத்தேன்.

"அசையாத. அந்தப் பக்கம் எங்கட றெஜி நிப்பான், அனுப்புறன்."

றெஜி அண்ணை புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை முடிந்து நேரே வந்தார். மெலிந்து உயர்ந்த ஆள், ஒரு கால் இலேசாக இழுத்தது. கார் முழுக்கச் சப்பாத்து வாசமும் தைல வாசமும். பின் இருக்கையில், திறக்காத பிளாஸ்டிக் உறைகளில் கரும்நீலச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"தீவுக்கு இருக்கிற ஒரே பாலத்தில இப்ப சனம் நெரிஞ்சு நிக்குது, தங்கச்சி. நாங்கள் ஃபெரியில போவம்."

சிறிய ஃபெரி. கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு லவால் கரைக்குப் போகிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுகிற எங்கள் மிதவைப் படகு 'பாதை'யின் வசதியான பெரியம்மா மகள் என்று சொல்லலாம். கார்களுக்கு நடுவே இறங்கி நின்று காற்று வாங்கினோம். பின் இருக்கையில் என்ன சட்டைகள் என்று கேட்டேன்.

"மன்னார் எண்டு அடிச்ச சட்டையள். ஞாயிற்றுக்கிழமைக்கு. போட விடாயினம் போல கிடக்கு."

பிறகு தானாகவே சொன்னார். சொந்த ஊர் மன்னார்க் கரையில் பேசாலை. சின்ன வயதில் கடற்கரையில் பந்து அடித்ததைப் பார்த்த தேவாலயப் பாதர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் மாமாவின் கல்லூரி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே கல்லூரிக்கு விளையாடினார். இங்கே வந்தும் அதே கல்லூரியின் பழைய மாணவர் அணிக்கு ஒவ்வொரு கோடையும் விளையாடுகிறார்.

"கொலிஜில எனக்கு ஒரு கோபமும் இல்லை. சோறு போட்டது, சப்பாத்து வாங்கித் தந்தது. ஆனா என்ர ஊர்ப் பெயரை முதுகில போட்டு நான் ஒருநாளும் விளையாடேல்ல. தம்பி மன்னாருக்கு விளையாடினவன். நான் எதிர்ப்பக்கம் நிண்டு அவனுக்குக் கோல் அடிச்சனான். அண்டைக்கு அம்மா ரெண்டு பேருக்கும் சாப்பாடு தந்தவா, கதைக்கேல்ல." சிரித்தார். முழங்காலைத் தட்டினார். "இது இந்த வருசத்தோட காணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுதான், ஒருதரம் எண்டாலும்."

"ஏன் விடாயினம்?"

"தரவரிசையில மன்னார் ஒன்பதாவதாம். ஆரோ ஒரு வேலையில்லாதவன் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருந்து போட்டிருக்கிறான். பேசாலைப் பக்கம் அவன் வரட்டும், ஆளை அப்பிடியே கருவாடாக் காயப்போடுவம்."

ஃபெரி ஆற்றின் நடுவில் இருந்தது. இறங்கி ஓட முடியாது.

"அது நான்தான், அண்ணை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, ஃபெரியில் நின்ற சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அப்ப மாத்தி விடுங்கோவன், தங்கச்சி."

"மாத்தேலாது அண்ணை. நீங்கள் கேட்டு மாத்தினால், நாளைக்கு மாமா கேட்டாலும் மாத்தவேணும்."

"அதுவும் சரிதான்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மாலை ஆரணியோடு மெற்றோவில் திரும்பினேன். எதிரே தொப்பியணிந்த இரண்டு இளைஞர்கள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கை வீச்சைப் பார்த்தால் காணித் தகராறு போல இருந்தது. ஆரணி என் காதுக்குள் மொழிபெயர்த்தாள். அமெரிக்கக் கல்லூரி அணிகளைப் பற்றியாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து. எல்லாக் காலத்துக்கும் சிறந்த கல்லூரி வடக்கிலா, தெற்கிலா?

"எங்கள் அலமாரியைப் போய்ப் பார், கிண்ணம் வைக்க இடமில்லை" என்றான் வடக்கின் ஆள்.

"அந்தக் கிண்ணங்களை வென்று தந்தவர்கள் எங்கே பிறந்தார்கள்? பாதிப் பேர் தெற்கு. அலமாரிதான் உன்னுடையது, பையன்கள் எங்களுடையவர்கள்."

இரண்டு பேரும் லொங்குய்யில் இறங்கி, ஒரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அந்தக் கல்லூரி வாசல்களை அவர்கள் மிதித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. எனக்கு அவர்களைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. உலகத்தில் என் வியாதி எனக்கு மட்டுமில்லை.

"அங்க ரெண்டு லிஸ்ட் போடுவினம் அக்கா" என்றாள் ஆரணி. "எந்தக் கொலிஜ் வெண்டது எண்டு ஒண்டு. பிளேயர்ஸ் எந்த ஊரில இருந்து வந்தவை எண்டு இன்னொண்டு. நீங்கள் ஏன் ஒண்டு மட்டும் போடுறீங்கள்?"

தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குள் நுழைந்து ஐஸ்கிறீம் வாங்கித் தந்து கதையை மாற்றினேன்.

வியாழக்கிழமைக் கூட்டம் மாமா வீட்டு நிலக்கீழ் அறையில். மீன் ரோல்ஸ் ஒரு தட்டம், தேநீர் ஒரு பெரிய கேத்தில். கல்லூரிக்கு ஒருவர் வந்திருந்தார். மன்னார் பக்கத்துக்காக றெஜி அண்ணை படிக்கட்டோரம் நின்றார். மாமா தொண்டையைச் செருமி என்னை அறிமுகப்படுத்தினார்.

"பெட்டையோ?" என்றார் ஒருவர். "ஐயோ, நான் இவ்வளவு காலமும் பெடியன் எண்டு நினைச்செல்லோ தூசணத்தில எழுதினனான்!"

"வாசிச்சனான் அண்ணை" என்றேன். அவர் ரோல்ஸ் தட்டத்துக்குப் பின்னால் மறைந்தார்.

"எங்களை நாலாவதாப் போட்டிட்டு நீர் இனி வடமராட்சிப் பக்கம் கால் வைக்கேலாது, தெரியுமோ?" என்றார் இன்னொருவர்.

"அவை பருத்தித்துறை வடையைச் சாப்பிட்டுட்டு மணலுக்க ஓடினவை. புல்லில விளையாடத் தெரியாது" என்றார் வலிகாமத்துக்காரர்.

"ஓமோம், உங்களுக்குத் தெரியும். நீங்கள் புல்லைத் திண்டு வளந்தனீங்கள்!"

அரை மணி நேரம் இப்படியே போனது. யாழ்ப்பாணத்தில் எந்தப் பகுதி பெரிது, பட்டணமா, வலிகாமமா, வடமராட்சியா? மன்னாரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அப்போது படிக்கட்டில் இருந்த ஆரணி கேட்டாள். "அங்கிள்மார், உங்கட கொலிஜில எல்லாக் காலத்துக்கும் திறமான பிளேயர் ஆர்? ஓராள் மட்டும் சொல்லுங்கோ."

இதைவிட இனிப்பான கேள்வி அந்த அறையில் கேட்கப்பட்டதில்லை. பட்டப்பெயர்கள் பறந்தன. குதிரை. கட்டையன். மின்னல். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோல், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு நடிப்பு. வலிகாமத்துக்காரர் தேநீர்க் கோப்பையோடு எழுந்து தலையால் முட்டிக் காட்டினார்.

"சரி, குதிரை எந்த ஊர்?" என்றாள் ஆரணி.

"குதிரை... வங்காலை. பாதர் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை."

"கட்டையன்?"

"தாழ்வுபாடு."

"மின்னல்?"

வடமராட்சிக்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "வல்வெட்டித்துறை! அசல் வடமராட்சி!" என்றார். மற்றவர்கள் தேநீரைக் கவனமாகக் குடித்தார்கள். அங்கொன்று இங்கொன்றைத் தவிர, திரும்பத் திரும்ப மன்னார்க் கரைதான் வந்துகொண்டிருந்தது.

"நீங்கள் சொல்லேல்லையே அப்பா."

மாமா ரோல்ஸைத் தட்டத்தில் வைத்தார். "எங்கட கொலிஜில... றெஜிதான். வேற ஆர்?"

எந்த ஊர் என்று ஆரணி கேட்கவில்லை.

ஆனாலும் மாமா கூட்டத்தை முடித்தது இப்படித்தான்: "எட்டுக் கொலிஜ் எண்டால் எட்டுத்தான். விதியை மாத்தேலாது." ஒருவரும் எதிர்க்கவில்லை. றெஜி அண்ணை, "சரி, அப்ப வாறன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியேறினார். அந்தக் கால் ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் தாமதித்தது.

வெள்ளிக்கிழமை மாமாவே என்னைக் காரில் கொண்டுபோனார். பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. என் மடிக்கணினியில் நான் இரண்டாவது பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்: கல்லூரி வாரியாக இல்லை, பிறந்த ஊர் வாரியாக. முதல் பட்டியலில் ஒரு புள்ளியையும் தொடவில்லை. இரண்டாவதில் மன்னார் ஒவ்வொரு வரி ஏற்றும்போதும் மேலே வந்துகொண்டிருந்தது.

"அதைப் போட்டாலும் ஒண்டும் நடக்காது, பிள்ளை" என்றார் மாமா.

"ஏன் மாமா?"

"உன்ர பட்டியலாலயே அவையை விடேல்ல எண்டு நினைச்சனி? அது ஒரு சாட்டு. மன்னார் எண்டு ஒரு அணி வந்தால் றெஜி மட்டுமே போவான்? எல்லா அணியில இருந்தும் ஆக்கள் போவினம். பேந்து எங்களிட்ட ஆர் மிச்சம்? நான்தான். கோலுக்க நான், முன்னால ஒருத்தரும் இல்லை."

கோண்டாவில் மேசை, விதிகள், புள்ளிகள் எல்லாம் இவர்களுக்கு ஒரு சாட்டு, வெறும் சாக்குப்போக்கு. ஆனால் சாட்டென்று தெரிந்தபின் கதைப்பது இலகுவாகவும் இருந்தது.

"மாமா, மன்னாரை ஒன்பதாவதாப் போட்டது நான். முதலாவது ஆளுக்கு ரெண்டு அணி எண்டது என்ர விதியில்லை. அது நீங்கள் போட்டது."

நெடுஞ்சாலையிலிருந்து எடுக்கவேண்டிய வெளிவழியைத் தாண்டிக் கார் நேரே போய்க்கொண்டிருந்தது. நான் பிந்தித்தான் போனேன். பயிற்சி ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பாலத்தின்மேல் பழியைப் போட்டேன். இந்த நகரத்தில் அதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை மாமா பின் முற்றத்தில் கையுறைகளைக் கழுவிக் காயப்போட்டார். மத்தியானம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மாமியிடம், "இஞ்சாருமப்பா, எங்கட ரெண்டாவது அணியை வெட்டிப்போட்டன், அந்தப் பெடியள் இனி எங்கட கொண்டாட்டம் ஒண்டுக்கும் வரமாட்டினம். சாப்பாட்டைக் குறைச்சுச் சொல்லும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடாரங்கள், ஒரு பக்கம் கொத்துரொட்டித் தகட்டின் சத்தம், மறுபக்கம் பெரிய பானையில் ஒடியற் கூழ். வரமாட்டோம் என்ற இரண்டாவது அணிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், மாமாவை ஏசுவதற்காக. கூழ் கிடைத்ததும் உட்கார்ந்துகொண்டே ஏசினார்கள். றெஜி அண்ணை காரைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துப் புல்லில் வைத்தார். ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஓரிருவர் எழுந்து வந்தார்கள். இவ்வளவு காலமும் போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்துத் தங்கள் தலைவரிடம் கொடுத்துவிட்டு, கரும்நீலத்தைப் போட்டார்கள். வலிகாமத்துக்காரர் வாங்கிய சட்டையை முகர்ந்து பார்த்து, "தோய்ச்சாவது தந்திருக்கலாமேயடா" என்றார். வழியனுப்புகிறவர் குரல்தான் அது.

குலுக்கலில் முதல் ஆட்டமே மாமாவின் கல்லூரிக்கும் மன்னாருக்கும்.

ஆட்டத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், பந்தைவிட வயிறுகள்தான் அதிகம் ஓடின. ஆனால் றெஜி அண்ணையின் காலுக்குப் பந்து வந்த போதெல்லாம் கூழ்க் கரண்டிகள் நின்றன. இடைவேளைக்குப் பிறகு மாமாவின் ஆள் ஒருவர் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டிவிட்டார். நடுவர் விசில் ஊதினார். அவர் கியூபெக்காரர், தலை நரைத்தவர், எந்தக் கல்லூரியும் எந்த ஊரும் இல்லாத ஒரே ஆள். பெனால்ட்டி.

றெஜி அண்ணை பந்தை வைத்தார். மாமா கோலுக்குள் கைகளை விரித்தார்.

"றெஜி! நீ எப்பவும் இடப்பக்கம்தான் அடிப்பாய். எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சால் தடுங்கோவன் அண்ணை."

இடப்பக்கம்தான் அடித்தார். மாமா இடப்பக்கம்தான் பாய்ந்தார். விரல் நுனியில் பட்டது. பட்டும் உள்ளே போனது.

மன்னார்க்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். புல்லில் கிடந்த மாமா அதைவிடப் பெரிதாகக் கத்தினார்: "பாத்தனீங்களே! உந்த அடி எங்கட கொலிஜ் கிரவுண்டில படிச்ச அடி! கோல் எங்கட!"

"பேசாலைக் கடற்கரையில படிச்சது!" என்றது கரும்நீலக் கூட்டம்.

"விடுதிச் சோத்துப் பலமடா அது!"

"மீன் சாப்பிட்ட பலம்!"

ஏசிக்கொண்டிருந்த இரண்டாவது அணியும் இப்போது மாமா பக்கம் சேர்ந்து கத்தியது. நடுவர் பந்தோடு மைய வட்டத்தில் காத்துக்கொண்டு நின்றார். கோட்டோரம் நின்ற ஆரணியைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கி ஒரே வசனத்தில் முடித்தார்.

"என்ன கேட்டவர்?" என்றேன்.

"என்ன சண்டை எண்டு கேட்டவர். இந்தக் கோல் ஆரின்ர எண்டு அடிபடுகினம் எண்டு சொன்னன். சட்டையில என்ன எழுதியிருக்கோ அவையின்ர எண்டுறார்."

றெஜி அண்ணை கை கொடுத்து மாமாவைத் தூக்கிவிட்டார். முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு திரும்பி, காலை இழுத்தபடி மைய வட்டத்தை நோக்கி மெதுவாக நடந்தார். அவர் முதுகில் இருந்தது தமிழ் எழுத்து; நடுவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.